அடை வைத்த கை

பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டு முடித்த நாட்டுக்கோழி ஒரு நாள் கூடையை விட்டு எழ மறுக்கும். கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேறும், கொத்த வரும். வயிற்றுப் பக்கத்து இறகு உதிர்ந்து, சூடேறிய தோல் வெளியே தெரியும். கோழி அடைக்கு வந்துவிட்டது என்று வீட்டில் உள்ளவர்களுக்குப் புரிந்துவிடும். பழைய கூடையிலோ உடைந்த பானையின் அடிப்பாகத்திலோ மணலோ உமியோ பரப்பி, வைக்கோல் சுற்றி, சேர்த்து வைத்த முட்டைகளில் நல்லதாகப் பொறுக்கி, ஒற்றைப்படையாக எண்ணி வைப்பார்கள். இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் ஓரத்தில் சேரும். பொழுது சாய்ந்ததும் கோழியைத் தூக்கி மேலே உட்கார வைத்தால் வேலை முடிந்தது. எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகாது. கோழி வளர்ப்பில் அறம் பற்றிய கேள்வி எங்கே எழுகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் கத்தியைக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கேள்வி இந்தக் கால் மணி நேரத்துக்குள் இருக்கிறது. கத்தி பிறகு வருவது. இங்கே முடிவானதைத்தான் அது செய்து முடிக்கிறது.

சமயங்கள் அடைக்கோழியைக் கூர்ந்து பார்த்திருக்கின்றன. மஜ்ஜிம நிகாயத்தின் சேக சூத்திரத்தில் எட்டோ பத்தோ பன்னிரண்டோ முட்டைகளின்மேல் அமர்ந்த கோழி ஒன்று வருகிறது. அது முறையாக உட்கார்ந்து சூடு கொடுத்தால் போதும். குஞ்சுகள் ஓட்டை உடைத்து நலமாக வெளிவர வேண்டும் என்ற விருப்பம் அதன் மனத்தில் எழாவிட்டாலும் அவை வந்துவிடும். பயிற்சியை முறையாகச் செய்யும் துறவிக்கு விடுதலையும் அவ்வாறே கிட்டும் என்பது அங்கே பொருள். அங்குத்தர நிகாயத்தில் புத்தர் தம்மையே அறியாமையின் ஓட்டை முதலில் உடைத்து வந்த குஞ்சுக்கு ஒப்பிடுகிறார். மத்தேயு, லூக்கா ஆகிய இருவரின் நற்செய்திகளிலும் இயேசு எருசலேமைப் பார்த்து வருந்தும்போது, குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்த்துக்கொள்ள விரும்பும் கோழியாகத் தம்மைக் காண்கிறார். சைவ மரபு தீக்கையை விளக்க இதையே எடுத்துக்கொண்டது. மீன் பார்வையாலும், பறவை தொட்டு அணைத்தும், ஆமை நினைப்பாலும் தம் முட்டைகளைப் பொரிக்கச் செய்கின்றன என்று சொல்லி, குரு கண்ணால் தருவதை நயன தீக்கை என்றும் கையால் தொட்டுத் தருவதைப் பரிச தீக்கை என்றும் மனத்தால் தருவதை மானச தீக்கை என்றும் வகுத்தது. முட்டையாக ஒரு முறை, குஞ்சாக ஒரு முறை என இரண்டு பிறப்பு உடையது பறவை; ‘துவிசம்’ என்ற வடசொல் பறவையையும் பூணூல் அணிந்தவரையும் ஒருசேரக் குறிப்பது இதனால்தான். இத்தனை உவமைகளிலும் கோழி இருக்கிறது, முட்டை இருக்கிறது, குஞ்சு இருக்கிறது. கோழியைத் தூக்கி முட்டைகளின்மேல் வைத்த மனிதக் கை ஒன்றிலும் இல்லை. அருளையும் விடாமுயற்சியையும் சொல்ல வந்த உவமைகளுக்கு அந்தக் கை தேவைப்படவில்லை, சரிதான். ஆனால் அந்தக் கையைப் பார்க்காத பழக்கம் நம் அறச்சிந்தனையிலும் படிந்துவிட்டது. கொல்லலாமா, உண்ணலாமா என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதாடியிருக்கிறோம். பிறப்பிக்கலாமா, எத்தனை உயிரை, எந்தக் கணக்கில் என்று அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

வளர்ப்பவர் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் நியாயத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நாம் அடை வைத்தோம், நாம் பொரிக்க வைத்தோம், நாம் தீனி போட்டோம். உயிர் கொடுத்தவருக்கு அதை எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்பது அது. இந்த நியாயத்தின் முதல் கல் எவ்வளவு உறுதியானது என்பதை முட்டை பொரிக்க ஆகும் இருபத்தொரு நாள்களே சொல்லிவிடும். இடப்பட்ட கருமுட்டைக்குள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் கொண்ட ஒரு சிறு வட்டு இருக்கிறது. குளிர்ந்த இடத்தில் அது வளராமல் காத்திருக்கும். அதனால்தான் இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றாக இடப்பட்ட முட்டைகள் ஒரே நாளில் அடை வைக்கப்பட்டு ஒரே நாளில் பொரிக்கின்றன. சுமார் 37.5 டிகிரி செல்சியஸ் சூடு கிடைத்ததும் வளர்ச்சி மீண்டும் தொடங்குகிறது. முட்டைக்குள் குஞ்சு வளர்வதை அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில் விவரித்திருக்கிறார். மூன்று நாள் கடந்ததும் வெண்கருவில் ஓர் இரத்தப்புள்ளி துள்ளுவதை அவர் இதயம் என்று அடையாளம் கண்டார். ஏழாம் நாள் இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்தால் சிலந்தி கால் பரப்பியதுபோல இரத்தக்குழாய்கள் தெரியும்; ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் ஊடுருவினால் அது கூமுட்டை. கோழி அலகால் முட்டைகளை நாளுக்குப் பலமுறை உருட்டுகிறது. ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் மாற்றுகிறது. தீனிக்கும் தண்ணீருக்கும் எழுவது நாளுக்கு ஒரு முறை, அதுவும் சிறிது நேரம். எடை குறைந்து கொண்டை வெளிறிப் போகிறது. பத்தொன்பதாம், இருபதாம் நாள்களில் குஞ்சு உள்தோலைக் கிழித்து முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சை விடுகிறது. ஓட்டுக்குள்ளிருந்து கீச்சொலி கேட்கும். கோழி மெல்லிய குரலில் பதில் சொல்லும். அலகின் நுனியில் அதற்கென்றே முளைத்த சிறு கூர்முனையால் குஞ்சு ஓட்டைக் கீறுகிறது. முதல் கீறலிலிருந்து முழுதாக வெளிவர அரை நாளோ ஒரு நாளோ ஆகலாம்.

அந்தக் கடைசி நேரத்தில் பொறுக்கமாட்டாமல் ஓட்டைப் பிய்த்துவிட நினைப்பவர்கள் உண்டு. இரக்கத்தால் வரும் ஆசை அது. ஆனால் ஓட்டின் உட்சவ்வில் ஓடும் இரத்தம் அதற்குள் உடலுக்குள் திரும்பியிருக்காது. வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்பட வேண்டிய மஞ்சள்கரு இன்னும் வெளியே இருக்கும். அவசரப்பட்டுத் திறந்தால் குஞ்சு இரத்தம் கசிந்து சாகும், அல்லது எழ முடியாமல் கிடக்கும். தானாக வந்த குஞ்சோ உள்ளிழுத்த மஞ்சள்கருவைக் கொண்டு இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் தாக்குப்பிடிக்கும்; பின்தங்கிய முட்டைகளுக்காகத் தாய் கூட்டிலேயே காத்திருக்க அது நேரம் கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டில் எந்த இடத்தில் மனிதர் உயிர் கொடுத்தார்? உருவம் முட்டைக்குள் இருந்தது, சூடு கோழியுடையது, உடைத்து வரும் உழைப்பு குஞ்சினுடையது. நாம் செய்தது சேர்த்து வைத்தது மட்டும். இன்குபேட்டரில் பொரிக்க வைப்பவர், சூடும் திருப்புதலும் தம்முடையவை என்று சொல்லலாம். எகிப்தியர் பழங்காலத்திலேயே கோழியில்லாமல் முட்டை பொரிக்க வைத்தார்கள். எருக்குவியலில் புதைத்துப் பொரிக்க வைப்பதை அரிஸ்டாட்டிலும் குறிப்பிடுகிறார். ஆனால் எருவின் சூட்டை உயிரின் ஊற்று என்று யாரும் சொல்வதில்லை. மின்சாரத்தின் சூட்டுக்கும் அந்தப் பெருமை இல்லை. உண்மையில் இன்குபேட்டர் நம் உரிமையைக் கூட்டுவதில்லை, கடமையைக் கூட்டுகிறது. தாயில்லாத குஞ்சுக்குச் சிறகின் சூட்டுக்குப் பதில் பல்பு வேண்டும். அலகைத் தண்ணீரில் நனைத்துக் குடிக்கக் காட்ட வேண்டும். பருந்தின் நிழல் விழும்போது எச்சரிக்க யாராவது வேண்டும்.

ஆகவே அடை வைப்பவர் உயிரின் ஆக்கியோர் அல்லர். அதற்காக அவர் செய்தது ஒன்றுமில்லை என்றும் ஆகிவிடாது. கலயத்தில் கிடந்த முட்டை காத்திருந்தது. அடுப்புக்குப் போவதா கோழியின் வயிற்றடிக்குப் போவதா என்பதை அவர் தேர்ந்தார். அவர் அப்போது அறிந்திருப்பவை எவை என்று பாருங்கள். பொரிப்பவற்றில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு கொல்லையில் ஒரு சேவல் இருக்கலாம், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும், பெட்டைகளின் முதுகு இறகைப் பிடுங்கிப் புண்ணாக்கும் என்பதும் தெரியும். பருந்துக்கும் கீரிக்கும் சில போகும், வெள்ளைக்கழிச்சல் வந்தால் எல்லாமே போகலாம் என்பதும் தெரியும். ஒன்பது முட்டை வைக்கும்போதே நாலைந்து சேவல்களின் முடிவும் வைக்கப்பட்டுவிடுகிறது. தீபாவளிக்கோ கொடைக்கோ விருந்தாளி வரும்போதோ அறுப்பது புதிதாக எடுக்கும் முடிவு போலத் தெரியும். நாளைத் தவிர மற்றதெல்லாம் ஏழெட்டு மாதத்துக்கு முந்திய ஒரு சாயங்காலத்தில் முடிவாகிவிட்டது. பொறுப்பு என்பது ஆக்கியதிலிருந்து வருவதில்லை. தெரிந்தே ஓர் உயிரை நம்மை நம்பி இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்ததிலிருந்து வருகிறது. நாம் உயிர் கொடுத்தவர்களாக இருந்திருந்தால் உரிமை என்ற சொல்லுக்காவது இடம் இருந்திருக்கும். கொடுக்காத உயிரை வரவழைத்தவர்களுக்குக் கடன் மட்டுமே உண்டு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உண்ணப்படுவதற்காகவாவது பிறந்தது அந்தக் கோழிக்கு நல்லதுதானே, நாம் உண்ணாவிட்டால் அது பிறந்தே இருக்காதே என்பது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் லெஸ்லி ஸ்டீபன் பன்றியை வைத்து இதைச் சொன்னார். ஹென்றி சால்ட் 1914இல் அதற்கு எழுதிய பதில் எனக்கு இன்றும் தகர்க்க முடியாததாகவே படுகிறது. பிறப்பதற்கு முன் நன்மை பெற அங்கே யாரும் இல்லை. இல்லாத ஒருவருக்கு உதவி செய்ததாகச் சொல்லி, இருக்கிற ஒருவரிடம் அதற்கு விலை கேட்க முடியாது. கொல்லையில் இந்த வாதத்தைக் கண்ணாலேயே சோதிக்கலாம். இரண்டாம் நாளே அடுப்புக்குப் போன முட்டையைப் பார்த்து, ஒரு கோழிக்கு வாழ்வை மறுத்துவிட்டோமே என்று எவரும் வருந்துவதில்லை. வைத்து மூன்றாம் வாரத்தில் கவனக்குறைவால் கூடை சரிந்து உடைந்த முட்டையைப் பார்த்தால் வருத்தம் வருகிறது. வாழ்வை மறுப்பது இழப்பில்லை, வாழத் தொடங்கியதைக் கைவிடுவதுதான் இழப்பு என்பதைக் கோழி வளர்ப்பவர் வாதம் எதுவும் படிக்காமலேயே உணர்ந்திருக்கிறார். பிறக்க வைத்தது பரிசு என்றால், அந்தப் பரிசைப் பெற்றவரிடமே கணக்குப் பார்க்க முடியாது.

இன்னொரு மறுப்பு ஒப்பந்தத்தைப் பற்றியது. கோழிக்குத் தானியமும் கூடும் காவலும் கிடைத்தன. மனிதருக்கு முட்டையும் கறியும் கிடைத்தன. இருவருக்கும் ஆதாயம் உள்ள பழைய உறவு இது என்பார்கள். உறவு பழையது என்பதில் ஐயமில்லை. காட்டில் திரிந்த செங்காட்டுக்கோழியின் வழியில் வந்தது வீட்டுக்கோழி. உறுதியாக வீட்டுக்கோழி என்று சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில், கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட காலத்தவையாகக் கிடைத்துள்ளன என்று 2022இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. மானாவாரி நெல்லும் தினை வகைகளும் பயிரான இடங்களைத் தேடிக் காட்டுக்கோழி வந்திருக்கலாம் என்பதும் அதன் கருத்து. தமிழ் நிலத்தில் அந்த உறவு எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதற்குக் குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடல் சாட்சி. வேலியோரம் காட்டுப்பூனை வந்த மாலைப்பொழுதில் ஒதுங்க இடம் தெரியாமல் குஞ்சுகளைக் கூவிச் சேர்க்கும் வீட்டுக்கோழியை அவர் பாடியிருக்கிறார். அந்தப் பதற்றத்தை அவ்வளவு அருகில் நின்று பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும். ஆனால் தானியத்தைத் தேடி வருவது ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஆகாது. மறுக்க முடியாதவரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் என்று பெயரில்லை. ஒரு தரப்பு மட்டும் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்கும் உறவில் அந்தத் தரப்புக்குக் கூடுதல் கடமை வந்து சேர்கிறது என்பதை, குழந்தை வளர்ப்பிலும் நோயாளியைப் பேணுவதிலும் தயக்கமின்றி ஏற்கிறோம். கொல்லையில் மட்டும் அதை மறக்க வேண்டியதில்லை.

புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் தின்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டி, வாங்கித் தின்பவர் இல்லையென்றால் விலைக்கு விற்பவரும் இருக்கமாட்டார் என்று வாதிடுகிறார். தேவையே கொலையை உண்டாக்குகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அந்த வாதத்தை இன்னும் ஒரு படி பின்னோக்கி நடத்திப் பார்த்தால் அது அடைக்கூடைக்கு வந்து சேரும். தேவைதான் பிறப்பையும் உண்டாக்குகிறது. இன்று அந்த அடைக்கூடை நம் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது. காட்டுக்கோழி ஓர் அடைக்கு நாலைந்து முட்டை இடும். பண்ணையின் வெள்ளை லெகார்ன் வகைக் கோழி ஆண்டுக்கு முந்நூறை ஒட்டி இடும். அடைக்கு வந்தால் முட்டை நின்றுவிடும் என்பதால், அடைக்கு வராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து, அந்த இயல்பையே அதன் உடலிலிருந்து ஏறக்குறைய அகற்றிவிட்டார்கள். சமயங்கள் அருளுக்கு உவமையாக எடுத்த அதே இயல்பு அது. முட்டையினத்துச் சேவல் குஞ்சுகள் முட்டையும் இடா, கறிக்கும் வேகமாக வளரா என்பதால் பொரித்த நாளிலேயே கொல்லப்படுகின்றன. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 700 கோடி என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இதைத் தடை செய்தது. முட்டைக்குள் இருக்கும்போதே சேவலா பெட்டையா என்று கண்டறியும் கருவிகள் அங்கே புழக்கத்துக்கு வந்தன. கறி தொடாமல் முட்டை மட்டும் உண்பவர் கொலையிலிருந்து விலகி நிற்பதாக நினைக்கிறார். அவருடைய ஒவ்வொரு முட்டைக்கோழிக்கும் இணையாக ஒரு சேவல் குஞ்சு எங்கோ பிறந்து அன்றே முடிந்திருக்கிறது. கொல்லையில் சேவலை எட்டு மாதம் வளர்த்து அறுப்பவரைவிட அவர் கை தூய்மையானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் அடை வைப்பதையே நிறுத்திவிடலாமே என்று புலால் மறுத்தவர் கேட்பார். நேர்மையான கேள்வி, அதை எளிதில் ஒதுக்க எனக்கு உரிமையில்லை. பிறக்காத கோழிக்கு இழப்பில்லை என்று மேலே ஒப்புக்கொண்ட பிறகு, கோழியினமே அருகிவிடுமே என்று இப்போது நான் அழ முடியாது. ஆனால் கோழி ஏற்கெனவே இருக்கிறது, அடைக்கு வருகிறது. முட்டை வைக்காவிட்டால் வெறுங்கூட்டிலேயே வாரக்கணக்கில் பட்டினி கிடந்து இளைக்கும். அடையைக் கலைக்கத் தண்ணீரில் முக்குகிறார்கள். இறகு ஒன்றை மூக்குத்துளையில் செருகி விடுகிறார்கள். அதுவும் ஒரு வன்முறைதான். ஒருமுறை கோழியைச் சேர்த்துக்கொண்ட வீட்டில் அடை வைப்பது ஒரு செயல் என்றால், வைக்காமல் விடுவதும் ஒரு செயல். குற்றமில்லாத மூலை அந்தக் கொல்லையில் இல்லை. குஞ்சுத் தீனியையே பாருங்கள். பழம்பானையில் சாணமும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் நனைத்துத் திணித்து, மாலையில் கறையான் புற்று உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால், காலையில் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல உணவு கிடையாது. ஐந்தாறு உயிர்களைக் காக்க ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொடுக்கிறோம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் படியில் வகுத்து, கறையானையும் எறும்பையும் மூன்றறிவின் படியில் சேர்த்து வைக்கிறது. விலங்குகளை ஐந்தறிவில் வைக்கிறது. சமணமும் புலன்களின் எண்ணிக்கையால் உயிர்களை இப்படி அடுக்கியது. அந்தப் படிக்கட்டு நம் கவனத்துக்கு ஒரு வரிசை தருகிறது. யாருக்கு முதலில் வலிக்கும், யார் முதலில் அஞ்சுவார் என்று சொல்கிறது. கீழ்ப்படியில் இருப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. எதையும் கொல்லாமல் வாழ்வது கொல்லையில் இயலாது என்பது உண்மை. அந்த உண்மையைக் காட்டி எல்லாவற்றையும் கொல்லலாம் என்று முடிவு கட்டுகிறவர் படிக்கட்டையே இடித்துவிடுகிறார்.

கிராமத் தெய்வத்துக்குச் சேவல் நேர்ந்துவிடும் வழக்கத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் நான் பார்க்கிறேன். 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழகக் கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடை செய்திருந்தது. 2003இல் அரசு அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முனைந்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. அந்தச் சட்டம் தடுத்தது தெய்வத்தின் முன் நடந்த கொலையை மட்டும். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையை அது தொடவில்லை. பலியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதற்குள் ஓர் ஒப்புதல் இருக்கிறது, அதைக் கவனிக்காமல் விடுவது தவறு. நேர்ந்துவிட்ட சேவலை விற்கக் கூடாது, வேறு தேவைக்கு அறுக்கக் கூடாது. இந்த உயிர் என்னுடையதில்லை என்று வளர்ப்பவரே சொல்லிவிடுகிறார். ஆட்டின்மேல் மஞ்சள்நீர் தெளித்து அது உடலைச் சிலிர்க்கும்வரை காத்திருப்பது, கேட்காமல் எடுக்க உரிமையில்லை என்ற உணர்விலிருந்து வந்தது. ஆட்டால் வேறு பதில் சொல்ல முடியாது என்பதால் அந்தக் கேட்பு முழுமையாகாது. ஆனாலும் உயிர் கொடுத்தவன் நானே, எடுப்பவனும் நானே என்று நினைப்பவருக்குத் தண்ணீர் தெளிக்கத் தோன்றியிருக்காது. பலியிடும் மரபு கத்தியின் முன் நின்று கேட்ட கேள்வியை முட்டைக்கூடையின் முன் நின்று கேட்க வேண்டும் என்பதே என் வாதம். அங்கேதான் இல்லை என்ற பதிலுக்கும் இன்னும் இடம் இருக்கிறது.

இந்தச் சிந்தனையெல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்கு, நாலு கோழி விற்றுப் பள்ளிக்கூடச் செலவைச் சமாளிக்கும் பெண்ணிடம் இதைக் கொண்டுபோய்ச் சொல்லாதே என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்குச் சண்டையில்லை. பால்மாடு வாங்க வழியில்லாத வீட்டில் கோழிதான் கைக்காசு. பிள்ளைபெற்றவளுக்கும் காய்ச்சலில் எழுந்த குழந்தைக்கும் அந்த முட்டைதான் சத்து. கொலை மறுப்பில் எள்ளளவும் தளராத வள்ளலாரே, புலால் உண்பவரைத் தம் வழிக்குப் புறம்பானவர் என்று பிரித்த பிறகும் அவர்களுடைய பசியை நீக்குவது கடமை என்றார். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு அதற்காக எரிகிறது. பசித்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சீவகாருண்யத்தை அவர் கற்பிக்கவில்லை. ஆனால் என் கேள்வி ஏழை வீட்டின்மேல் விழும் கூடுதல் சுமை என்று சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கணக்கை இன்றைக்கும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருப்பது அந்த வீடுதான். எத்தனை குஞ்சுக்கு நொய் இருக்கிறது, எத்தனையைப் பஞ்சாரத்தில் கவிழ்க்கலாம், மழைக்காலம் வருகிறதே, அம்மை வருமே என்று எண்ணித்தான் அந்தப் பெண் முட்டை வைக்கிறாள். ஒரே முறையில் ஆயிரக்கணக்கில் முட்டை ஏற்றும் இயந்திரத்தின் முன்னால் அந்தக் கணக்கைப் போட யாரும் நிற்பதில்லை. அதன் பொருளை வாங்கும் நம்மில் பலர் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்றே அறிவதில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய துறவில்லை. அடை வைக்கும் கை, தான் வரவழைக்கும் ஒவ்வொரு உயிரின் முழு வாழ்வுக்கும் பதில் சொல்ல முடிந்த எண்ணிக்கையில் நிற்க வேண்டும். பருந்துக்கு மறைவு, வெள்ளைக்கழிச்சலுக்கு வேளையில் தடுப்பூசி, இரவில் கூடு, அறுக்கத்தான் வேண்டுமென்றால் அச்சமும் வலியும் மிகக் குறைந்த வழி, முட்டை நின்ற கிழட்டுப் பெட்டைக்கும் ஒரு பிடி தவிடு. ஒன்பதுக்கு இவற்றைத் தர முடியாதென்றால் ஐந்து. ஐந்துக்கும் முடியாதென்றால் முட்டைகள் அடுப்புக்குப் போகட்டும். கோழிக்கு இரண்டு போதும். வயிற்றடியில் கிடப்பது இரண்டா பதினொன்றா என்று அது எண்ணுவதில்லை. எண்ணத் தெரிந்தது நமக்குத்தான்.

எட்டு, பத்து வாரத்தில் தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்கும். நேற்றுவரை கிளறிக் கொடுத்த புழுவை இன்று தானே விழுங்கும்; சிறகுக்குள் நுழைய வந்ததை விரட்டும். அதன் கடன் முடிந்துவிட்டது. சில நாளில் கொண்டை மறுபடி சிவக்கும், சேவலோடு சேரும், பழைய மூலையைத் தேடிப்போய் உட்காரும். வீட்டில் மண்பானையின் ஈரமணலில் முட்டைகள் திரும்பவும் ஒவ்வொன்றாகச் சேரும். வெளியே, போன அடையில் பிறந்த நாலு சேவல்கள், இன்னும் சரியாகக் கூவ வராத குரலில் கூவிப் பார்த்துக்கொண்டு, குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருக்கும்.